உள்ளே ஒருவன்: வேலூரைக் களமாக வைத்து ஊடுருவல் நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

1806 ஜூன் மாதம் வேலூர்க் கோட்டையில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தன் மேலதிகாரி ஃபோர்ப்ஸிடம் போனார். படைக்குள் சதி நடக்கிறது, வெள்ளைக்காரர்களைக் கொல்லப் போகிறார்கள் என்று சொன்னார். அது உண்மையா என்று விசாரிக்கும் வேலையை ஃபோர்ப்ஸ் அதே படையின் இந்திய அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். சதியின் கயிறே அந்த வட்டத்துக்குள்தான் இருந்தது. இவன் சொல்வதெல்லாம் பொய் என்று அவர்கள் சொல்லிவிட, முஸ்தபா பேக்கைப் பிடித்து அடைத்துவைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்கு முன்பே கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டது. அதற்குள் இரு பக்கமும் நூற்றுக்கணக்கான பிணங்கள். முஸ்தபா பேக்கைப் பிறகு விடுவித்து, பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தது கம்பெனி.

உளவு நாவல் எழுத ஆசைப்படும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். தீவிரவாத அமைப்புக்குள் ஒருவன் ஊடுருவுகிறான் என்றதும் நம் மனம் உடனே ஒரே கேள்விக்குத் தாவுகிறது: மாட்டிக்கொள்வானா, மாட்டானா? அது நல்ல கேள்விதான், ஆனால் இருநூறு பக்கத்துக்கு மேல் தாங்காது. அதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. அவன் உள்ளிருந்து சொல்வதை வெளியே இருப்பவர்கள் நம்புவார்களா? நாவலை இந்தக் கேள்வியின் மேல் கட்டுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

முதல் படி: இரண்டு அறைகளைக் கட்டுங்கள்

நாவலில் இரண்டு அறைகள் வேண்டும். ஒன்று, அந்த அமைப்பின் ஆட்கள் கூடும் அறை. மற்றொன்று, தகவல் வந்து சேரும் அலுவலக அறை. புதிதாக எழுதுகிறவர்கள் முதல் அறைக்கே எல்லாப் பக்கங்களையும் கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது அறையில் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, கோபமாகக் கத்தும் ஓர் உயரதிகாரி, அவ்வளவுதான் இருக்கும். அங்கேதான் நாவல் சரிகிறது. உளவாளி உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரும் ஒரு வரி, அந்த மேசையில் என்ன ஆகிறது என்பதுதான் கதை.

நம்பாமல் போவது ஒரு வகை ஆபத்து. நம்பிவிடுவது இன்னொரு வகை. 2009 டிசம்பர் 30 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் பகுதியில் இருந்த சி.ஐ.ஏ. தளத்துக்குள் ஹுமாம் அல்-பலாவி என்ற ஜோர்டான் மருத்துவர் வந்தார். அல்-காய்தாவுக்குள் ஊடுருவியிருக்கும் தங்கள் ஆள் என்று நினைத்து வாசலில் சோதனைகூடப் போடாமல் அவரை உள்ளே விட்டார்கள். உடலில் கட்டியிருந்த குண்டை அவர் வெடித்தார். சி.ஐ.ஏ.வைச் சேர்ந்த 7 பேர் இறந்தார்கள். வேலூரில் உண்மை சொன்னவனை அடைத்துவைத்தார்கள், கோஸ்ட்டில் பொய் சொன்னவனை வரவேற்றார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உங்களுக்குத் தெரிந்த அளவு தெரியாது. அவர் முட்டாளும் அல்ல. அவருடைய நிலையில் நீங்கள் இருந்தாலும் அதையே செய்திருப்பீர்கள் என்று வாசகர் நினைக்கும்படி எழுத வேண்டும்.

இரண்டாம் படி: காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேலூர் இருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இந்த வகைக் கதைக்குப் பொருந்தும் காலங்கள் சில உண்டு. 1980இல் திருப்பத்தூரில் நக்சலைட்கள் வீசிய குண்டில் காவல் ஆய்வாளர் பழனிச்சாமி இறந்தார். அதன் பிறகு காவல் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையில் வட ஆற்காட்டிலும் தர்மபுரியிலும் நடந்த நடவடிக்கைக்கு, இறந்த ஆய்வாளரின் சின்னப் பெண் அஜந்தாவின் பெயரை வைத்தார்கள். அந்த நடவடிக்கையில் நடந்த என்கவுன்ட்டர்களை மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் கேள்வி கேட்டன. ஒரு குழந்தையின் பெயரில் ஒரு வேட்டை என்பதே தனி நாவலுக்கான விதை. ஜவ்வாது மலை அடிவாரத்தையும் நிலமில்லாக் கூலிகளின் வாழ்க்கையையும் அறிந்தவர்கள் இதை எடுக்கலாம்.

இன்றைய காலம் வேண்டுமென்றால் எல்லாமே செல்பேசிக்குள் போய்விடும். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனை வைத்துப் பதற்றத்தை உருவாக்குவது கடினமான வேலை. முதல் நாவலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு 1994 கடைசியிலிருந்து 1995 ஆகஸ்ட் வரை. காரணம் சொல்கிறேன். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், 1992இல் விடுதலைப் புலிகள் தடை செய்யப்பட்டதும் நடந்து முடிந்து, ஊர் முழுக்கச் சந்தேகம் படிந்திருந்த காலம் அது. வேலூர்க் கோட்டைக்குள் திப்பு மகால், புலிகள் என்று பிடிக்கப்பட்டவர்களை வைத்திருந்த சிறப்பு முகாமாக இருந்தது. அப்புறம் 1995இல் அடுத்தடுத்து மூன்று விஷயங்கள் நடக்கின்றன. மே மாதம் தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடா காலாவதியாகிறது. ஜூலையில் இந்தியாவில் முதன்முதலாகச் செல்பேசிச் சேவை தொடங்குகிறது. ஆகஸ்டில் திப்பு மகாலிலிருந்து 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பிவிடுகிறார்கள். ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கும் அந்தச் சில மாதங்களுக்குள் உங்கள் கதை நடந்தால், நீங்கள் சொல்லாமலே அதற்கு ஒரு வேகம் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சுரங்கத்தை உங்கள் நாவலின் மையமாக்க வேண்டாம். அது உண்மையான மனிதர்கள் செய்தது, அதற்கென்று ஆவணங்கள் இருக்கின்றன. உங்கள் கதையில் அது ஊரே பேசும் ஒரு செய்தியாக வரட்டும். அந்த ஒரு செய்தியால் அலுவலகத்தில் எல்லோருடைய கவனமும் கோட்டைப் பக்கம் திரும்புகிறது, உங்கள் உளவாளி அனுப்பிய தகவல் கோப்புக்கு அடியில் போகிறது. இந்த ஒரு திருப்பத்துக்காகவே இந்தக் காலத்தை எடுக்கலாம்.

காலத்துக்கு ஏற்ற சின்ன விவரங்களில் கவனமாக இருங்கள். 1989இல் பழைய வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்த பின், மிச்சப் பகுதிக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று அப்போது பெயர். 1994இல் எழுதப்படும் கடிதத்தின் தலைப்பில் அதுதான் இருக்க வேண்டும். ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆனது 2019இல்தான். காட்பாடி வழியாக விழுப்புரத்துக்கும் திருப்பதிக்கும் போன பாதை அப்போது மீட்டர் கேஜ். தொலைபேச எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் போக வேண்டும். கட்டணம் குறையும் ராத்திரி நேரத்துக்காக வரிசையில் நிற்பார்கள். ரகசியம் பேச வேண்டியவன் கண்ணாடிக் கதவு சரியாக மூடாத பெட்டிக்குள், பின்னால் பத்துப் பேர் காத்திருக்கும்போது பேச வேண்டும். இதைவிடப் பதற்றமான காட்சியை நீங்கள் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

மூன்றாம் படி: அமைப்பை முழுக்கக் கற்பனையில் கட்டுங்கள்

பெயரையும் கொள்கையையும் தலைவனையும் நீங்களே உருவாக்குங்கள். அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவருக்கு ஒரு கணமாவது இதில் நியாயம் இருக்கிறதே என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை என்றால், உங்கள் உளவாளிக்கும் எந்தத் தடுமாற்றமும் வராது, நாவலுக்கும் வராது. 1806ஐ நாம் இன்று புரட்சி என்று கொண்டாடுகிறோம், மக்கான் பகுதியில் நினைவுத் தூணே நிற்கிறது. அன்றைய கம்பெனிக் கோப்பில் அதற்கு வேறு பெயர். இந்த ஊரில் நின்று எழுதுகிறவர் இதை மறக்கக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்றதும் ஒரு சோம்பேறிக் கை, தோல் தொழிற்சாலையையும் மசூதியையும் வைத்து வில்லனைச் செய்துவிடும். அதே சோம்பேறித்தனம் மேல்மொணவூர் அகதி முகாமையும் பயன்படுத்திக்கொள்ளும். தயவுசெய்து செய்யாதீர்கள். அது அநியாயம், அந்த ஊர்களில் வாழ்கிறவர்கள் இதற்கான விலையை ஏற்கெனவே நிறையக் கொடுத்திருக்கிறார்கள். கதையாகப் பார்த்தாலும் அது மோசம், வாசகர் மூன்றாம் பக்கத்திலேயே யூகித்துவிடுவார். ஈழத் தமிழர்கள் உங்கள் கதையில் வந்தால் இரண்டு முகாம்களின் வேறுபாடு தெரிந்து எழுதுங்கள். அகதி முகாம் என்பது குடும்பங்கள் வாழும் இடம். சிறப்பு முகாம் என்பது பெயரளவில் முகாம், நடைமுறையில் காவல்.

அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைத் துப்பாக்கியில் தொடங்காமல் வாடகையில் தொடங்குங்கள். வீட்டை யார் பெயரில் எடுத்தார்கள்? அட்வான்ஸ் யார் கொடுத்தது? சமைப்பது யார்? ஆளுக்கு ஆள் என்ன தெரியும், என்ன தெரியாது? ஐந்து பேர் போதும். ஒருவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், தேதி தெரியாது. இன்னொருவருக்குத் தேதி தெரியும், இடம் தெரியாது. இதை ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவையுங்கள். உளவாளி எவ்வளவு பழகினாலும் அவனுக்குக் கிடைப்பது ஒரு துண்டுதான். முழுப் படம் அலுவலகத்தில்தான் சேர வேண்டும், அது அங்கேயும் சேர்வதில்லை.

இப்படிப்பட்ட குழுக்களுக்குள் ஆட்கள் வருவது பெரும்பாலும் கொள்கையைப் படித்து அல்ல. அண்ணன் போனான், தம்பியும் போனான். சிறையில் பக்கத்தில் படுத்தவன் நண்பனானான். அவமானம், கோபம், வேலையின்மை, ஒரு பெரிய மனிதர் தோளில் கை வைத்துப் பேசியது என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். ஐந்து பேருக்கும் ஐந்து வேறு காரணங்களை எழுதுங்கள்.

வெடிகுண்டு எப்படிச் செய்வது என்பது நாவலில் வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கங்கள் யாருக்கும் சுவையாக இருப்பதில்லை, தவறான ஒருவருக்குப் பயன்படவும் கூடும். மூடிய கதவுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது, சமையல்காரப் பெண்ணை அன்றைக்கு மட்டும் வர வேண்டாம் என்கிறார்கள். அதுவே போதும்.

நான்காம் படி: உளவாளி யார்?

நிஜத்தில் மூன்று வகையினர் உண்டு. மாறுவேடத்தில் உள்ளே போகும் காவலர். காவல்துறை தேடிப் பிடித்துப் பழக்கும் வெளியாள். ஏற்கெனவே உள்ளே இருந்து மனம் மாறியவர், அல்லது மாற்றப்பட்டவர். சினிமா முதல் வகையை விரும்புகிறது. நாவலுக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான் வளமானவை. ஏனென்றால் முதல் வகைக்காரனுக்குத் திரும்பிப் போக ஒரு வேலை இருக்கிறது, சீருடை இருக்கிறது. மற்ற இருவருக்கும் எதுவும் இல்லை.

வேலூருக்கு என்றே ஓர் ஆளைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரித் தெருக்களில் இருக்கும் ஒரு லாட்ஜில் ரிஜிஸ்டர் எழுதும் பையன். இருபத்துமூன்று வயது, குடியாத்தம் பக்கம் சொந்த ஊர், அப்பா கைலி நெய்தவர், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது. லாட்ஜ் ரிஜிஸ்டரைப் பார்க்க ஏட்டு வருவது வழக்கம். எனவே அவன் காவல்துறையோடு பேசுவதில் யாருக்கும் சந்தேகம் வராது. வெளிமாநிலக் கும்பலைப் பார்த்துப் பார்த்து வங்காளி, தெலுங்கு, இந்தி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். முகத்தைப் பார்த்ததும் இவர் உண்மையிலேயே நோயாளியா, இல்லை வேறு வேலையாக வந்தவரா என்று அவனுக்குப் புரிந்துவிடும். அமைப்புக்கு அவனைப் போல் ஒருவன் தேவை, தீவிரவாத இயக்கங்களைக் கண்காணிக்கும் போலீஸின் க்யூ பிரிவுக்கும் அவனைப் போல் ஒருவன் தேவை. இரண்டு பக்கமும் அவனை ஒரே வாரத்தில் அணுகட்டும்.

அவனுடைய பொய்க்கு அதிக அலங்காரம் வேண்டாம். அவன் பெயர், ஊர், கடன் எல்லாமே உண்மை. ஒரே ஒரு விஷயம்தான் பொய். பொய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நாள் தாங்கும், வாசகருக்கும் அவன் மேல் அவ்வளவு பாசம் வரும்.

அவனுக்கு அந்த அறைக்குள் யாரையாவது பிடித்துப் போக வேண்டும். காதலாக இருக்க வேண்டியதில்லை. ஐவரில் வயதான ஒருவர் அவனுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார், மருந்து வாங்கக் காசு கொடுக்கிறார், அவன் அப்பா அவனிடம் ஒரு நாளும் பேசாத விதத்தில் பேசுகிறார். அவரைத்தான் அவன் கடைசியில் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: அலுவலகம்

நாவலின் பாதி உயிர் இங்கேதான் இருக்கிறது என்பதால் இந்தப் படியில் அதிக நேரம் செலவிடுங்கள்.

தமிழ்நாட்டில் தீவிரவாத இயக்கங்களைக் கவனிப்பது க்யூ பிரிவு சி.ஐ.டி. மத்திய அரசின் பக்கம் உள்நாட்டு உளவுத்துறையான ஐ.பி. உண்டு. தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு வந்தது, 1995 கதையில் அதைக் கொண்டுவந்தால் நாவல் அங்கேயே உடைந்துவிடும். வெளிநாட்டு உளவுக்கான ரா 1968இலேயே தொடங்கப்பட்டது. என்.ஐ.ஏ.வுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. ஐ.பி.க்கும் ராவுக்கும் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. ஆக, உங்கள் லாட்ஜ் பையனுக்கு யார் என்ன வாக்குறுதி கொடுத்தாலும் அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு காகிதம் கிடையாது.

அவனைக் கையாளும் ஆய்வாளரை முழு மனிதராக்குங்கள். அவருக்கு மேல் ஒரு டி.எஸ்.பி., அவருக்கு மேல் ஓர் எஸ்.பி., சென்னையில் ஒருவர். தகவல் ஒவ்வொரு மேசையைத் தாண்டும்போதும் கொஞ்சம் மாறும். பையன் சொன்னது: "ரெண்டு பேரு புதுசா வந்துக்கீறாங்க, நாலு நாளா வெளிய வரல." ஆய்வாளர் எழுதுவது: புதிய நபர்கள் இருவர் தங்கியுள்ளதாகத் தெரிகிறது. டி.எஸ்.பி. கையெழுத்திடும்போது: சந்தேகத்துக்குரிய நடமாட்டம் உள்ளது. சென்னையில் அது வாராந்தர அறிக்கையில் ஏழாவது பத்தியில் ஒரு வரி. அந்த நாலு நாள் எங்கே போனது? அதைத்தான் நீங்கள் நாவலாக எழுதுகிறீர்கள்.

எழுதப்படுவதும் எழுதாமல் விடப்படுவதும் ஒரு மனிதனின் வாழ்க்கையை என்ன செய்யும் என்பதற்கு வேலூரோடு தொடர்புள்ள உதாரணம் ஒன்று இருக்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன். தான் வாங்கிக்கொடுத்த பேட்டரிகள் எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்ன பகுதியைத் தான் எழுதவில்லை என்று ஓய்வுக்குப் பிறகு 2013இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். தடா சட்டத்தின்படி காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி பதிவு செய்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்பட்டது, சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. அந்த வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்து, 4 பேருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. பல ஆண்டுகள் வேலூர் மத்திய சிறையில் இருந்த பேரறிவாளன் 2022 மே 18 அன்றுதான் விடுதலையானார். இந்த வழக்கின் தீர்ப்புகளைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு வாக்கியத்தின் எடை எவ்வளவு என்பதை எந்த எழுத்துப் பட்டறையும் இப்படிச் சொல்லித்தராது.

இன்னொரு சட்டமும் உங்களுக்கு உதவும். 2024 வரை அமலில் இருந்த இந்திய சாட்சியச் சட்டத்தின் 125ஆம் பிரிவுப்படி, குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது. இது இன்ஃபார்மருக்குப் பாதுகாப்பு. அதே சமயம், ஆய்வாளர் இடம் மாறிவிட்டாலோ இறந்துவிட்டாலோ, பையன் நம் ஆள் என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் அவன் ஆறாவது குற்றவாளியாக நிற்கலாம். என் பார்வையில் இந்தக் கதையின் மிகப் பயங்கரமான சாத்தியம் இதுதான், அதை நாவலின் நடுப்பகுதியிலேயே வாசகரின் மனதில் விதைத்துவிட வேண்டும்.

பணமும் கணக்கும் வரட்டும். ரகசியச் செலவு நிதியிலிருந்து வரும் தொகை சிறியது, தாமதமாக வரும், சில மாதம் ஆய்வாளர் தன் கைக்காசைக் கொடுப்பார். அவர் பையனிடம் காட்டும் அக்கறையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தொழில் என்று அவருக்கே தெரியாத நிலை வர வேண்டும்.

ஆறாம் படி: ஊருக்கு வேலை கொடுங்கள்

வேலூரை அழகு காட்ட வைக்காதீர்கள். ஒவ்வோர் இடத்துக்கும் கதையில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

காந்தி ரோடு, பாபு ராவ் தெருப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையைத் தேடி வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வருகிறவர்கள் இங்கே மாதக்கணக்கில் தங்குகிறார்கள். வங்காளியில் பெயர்ப்பலகை, மீன் குழம்புக் கடை, அறைக்குள்ளேயே அடுப்பு. ஓர் அந்நியன் மூன்று மாதம் தங்கினாலும் ஏன் இங்கே இருக்கிறாய் என்று யாரும் கேட்காத தெரு இது. கையில் ஒரு ஸ்கேன் உறை இருந்தால் போதும். வெளிநாட்டவர் தங்கினால் அவர் விவரத்தை அரசுக்குத் தெரிவிக்கும் சி படிவத்தை லாட்ஜ்காரர் அப்போது அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் படிவத்தை எழுதுவதே உங்கள் நாயகன்தான். மருத்துவமனையைக் கதைக்குள் குற்றத்தோடு சேர்க்காமல் இருப்பது நல்லது. தெருவே போதுமானது. நோயாளிகளின் வேதனையை வெறும் பின்னணியாக்கிவிடாதீர்கள், பக்கத்து அறையில் தங்கும் ஒரு தாயும் மகனும் கதை முழுக்க வரட்டும்.

காட்பாடி சந்திப்பு ஆய்வாளரும் பையனும் பார்த்துக்கொள்ளும் இடம். சென்னைக்கும் பெங்களூருக்கும் திருப்பதிக்கும் விழுப்புரத்துக்கும் வண்டி பிரியும் இடம் என்பதால், எந்த மேடையில் நின்றாலும் ஒரு காரணம் இருக்கும். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரா, சித்தூர் கொஞ்ச நேரப் பயணம். எல்லை தாண்டியதும் தமிழ்நாட்டு போலீசுக்கு அந்த மாநிலப் போலீசின் ஒத்துழைப்பு தேவைப்படும். உங்கள் கதையின் துரத்தல் அந்தச் சாவடியில் அரை மணி நேரம் நின்றால் போதும், எல்லாம் மாறிவிடும்.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம், அருங்காட்சியகம், காவலர் பயிற்சிப் பள்ளி எல்லாம் ஒரே அகழிக்குள் இருக்கின்றன. சாயங்காலம் குடும்பங்கள் காற்று வாங்க வரும் புல்வெளிக்கு அந்தப் பக்கம், அன்றைக்குக் கைதிகள் இருந்தார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனிப் பேருந்துகள் விடியலில் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். பாலாற்றில் பெரும்பாலான நாட்கள் மணல்தான். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும், மத்தியானம் தெருவில் ஆளே இருக்காது. அந்த நேரத்தில் நடந்து போகும் ஒருவனை எல்லா ஜன்னலும் பார்க்கும்.

ஏழாம் படி: கதை ஓட்டம்

அத்தியாயங்களை இப்படிப் பிரிக்கலாம். முதல் ஐந்தில் ஒரு பங்கு, பையன் உள்ளே போவதற்கு. இதை இழுக்காதீர்கள், உள்ளே போவது எளிதாக இருக்கட்டும். அவ்வளவு எளிதாக இருந்ததே பின்னால் அவனை உறுத்தும். அடுத்த பெரும் பகுதியில் சோதனைகள். அமைப்பு அவனைச் சோதிக்கிறது, அலுவலகமும் சோதிக்கிறது. ஒரே நாளில் இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தைக் கேட்டால் அவன் என்ன செய்வான்?

நடுவில் அவன் அனுப்பும் ஒரு தகவல் தவறிப்போக வேண்டும். அவன் பொய் சொல்லவில்லை, அமைப்பு திட்டத்தை மாற்றிவிட்டது. போலீஸ் பட்டாளமாகப் போய்க் காலி வீட்டைத் திறக்கிறது. அன்றிலிருந்து ஆய்வாளரின் பேச்சை மேலே யாரும் மதிப்பதில்லை. பிறகு உண்மையான தேதி கிடைக்கும்போது அதை நம்ப ஆளில்லை. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் குறைந்தது அறுபது பக்கமாவது இடைவெளி வேண்டும், அவநம்பிக்கை மெல்ல வளர்வதை வாசகர் உணர வேண்டும்.

இதே பகுதியில் அவன் கையையும் கறைப்படுத்துங்கள். உள்ளே நிலைக்க வேண்டுமென்றால் ஏதாவது செய்தாக வேண்டும். ஒரு பொட்டலம் எடுத்துப் போகிறான், ஒருவரை அடையாளம் காட்டுகிறான், அந்த மனிதர் பிறகு காணாமல் போகிறார். வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுத அமைப்பான ஐ.ஆர்.ஏ.வுக்குள் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஆளாக இருந்து, பலரின் சாவில் பங்கிருந்ததாகச் சொல்லப்பட்ட ஸ்டேக்நைஃப் என்ற உளவாளியைப் பற்றிப் பெரிய விசாரணை நடந்தது. அதன் இடைக்கால அறிக்கை 2024 மார்ச்சில் வந்தது. அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கலாம் என்றது அது. ஆய்வாளரின் மனதில் இந்தக் கணக்கு ஓட வேண்டும். கணக்கு அவருக்குச் சரியாக வரக் கூடாது.

எட்டாம் படி: பேச்சு

அமைப்புக்குள் தலைவர் "அண்ணன்", இவன் "தம்பி". ஆய்வாளர் "சார்", இவன் "நீ", நல்ல மனநிலையில் "இன்னாபா". அந்தந்த உறவுக்குரிய பேச்சு கடைசி வரை மாறாமல் இருக்கட்டும். மாறும் அந்த ஒரு கணத்தை வாசகர் கவனித்துவிடுவார். காட்பாடி மேடைக் காட்சி இப்படி இருக்கலாம்:

"அந்த வீடு காலின்னு சொல்றாங்களே."

"காலியாவல சார். ஆளு மாறிக்கீது."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தினம் ரெண்டு பாக்கெட்டு பால் வாங்கிக்கினு இருந்தாங்க. இப்ப நாலு."

"பால் பாக்கெட்ட வெச்சி நான் மேல இன்னான்னுபா எழுதறது?"

"எழுதாதீங்க சார். வந்து பாருங்க."

"போன தடவ வந்து பாத்தோமே."

ஆபத்து, ரகசியம், துரோகம் என்ற சொற்கள் எதுவும் இதில் இல்லை. உளவு நாவலில் பேசுகிறவர்கள் இந்தச் சொற்களைத் தவிர்க்கத்தான் பார்ப்பார்கள். ஆய்வாளர் மதுரைக்காரர் என்றால் அவர் பேச்சு வேறு மாதிரி இருக்க வேண்டும். பையன் அமைப்பின் ஆட்களோடு பழகப் பழக அவர்கள் பேசும் விதம் அவன் வாயில் ஒட்டிக்கொள்ளட்டும். அதை முதலில் கவனிக்கிறவள் அவன் அக்காவாக இருக்கலாம்.

ஒன்பதாம் படி: களவேலையும் பாதுகாப்பும்

தீர்ப்புகள் பொதுவெளியில் கிடைக்கின்றன. தடா வழக்குத் தீர்ப்புகளில் வீட்டு வாடகை, பேருந்துச் சீட்டு, தையல்காரரின் சாட்சி வரை இருக்கும். அந்தக் கால நாளிதழ்களை நூலகங்களில் தேடிப் படியுங்கள், செய்தியைவிட விளம்பரங்களையும் விலைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்ற காவலர்கள் பேசுவார்கள். வழக்கு விவரம் கேட்டால் வாயை மூடிக்கொள்வார்கள், அப்போது எங்கே சாப்பிட்டீர்கள், ராத்திரி எங்கே தூங்கினீர்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். தொரப்பாடியில் சிறைக்கு வெளியே நின்று படம் எடுக்க வேண்டாம். அகதி முகாமுக்குள் குறிப்பேட்டோடு போய் அவர்களைக் கேள்வி கேட்கவும் வேண்டாம், அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்கள்.

எழுதி முடித்ததும், உண்மையில் நடந்த வழக்கில் வந்த ஒருவரை நினைவுபடுத்தும் பாத்திரம் ஏதும் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இருந்தால் வயது, தொழில், ஊர் மூன்றையும் மாற்றுங்கள், பெயரை மட்டும் மாற்றுவது போதாது. அதன் பிறகு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ வாழும் ஒரு நண்பரிடமும், முகாமில் வளர்ந்த ஒருவரிடமும் கையெழுத்துப் பிரதியைக் கொடுங்கள். எந்தப் பக்கத்தில் தொடர்ந்து படிக்க முடியாமல் கீழே வைத்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பக்கத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.